ஸ்டோரக்கா கட்டிய புடவைகள்

ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், முதுகில் பொம்மைப் படம் போட்ட பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு ராயபுரத்திலிருந்து டோல்கேட் வரைக்கும் நடந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். பைக்குள் இரண்டு செங்கல் இருந்தது. கன்டெய்னர் லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி, எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்களாம். டோல்கேட்டில் ஒரு டீ குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்து, ஆபீசுக்குள் வந்து என் மேஜைமேல் பையை இறக்கினார். இடப்பக்கத்து வார் தையல் விட்டுத் தொங்கியது.

"பாத்தியா? போவும்போதே பிச்சிக்கிச்சி. இத்தப் புள்ளைங்க ஒரு வருசம் மாட்டுமா? மொத்தத்தையும் திருப்பி அனுப்பு," என்றார்.

இலவசமாக வந்த அறுபது பைகள். அனுப்பியவருக்கு என்னவென்று எழுதுவது? 'தாங்கள் அன்புடன் வழங்கிய பைகள் டோல்கேட் வரை தாங்கவில்லை' என்றா? மூன்று தாள் கிழித்துப் போட்டு, நான்காவதில் ஒரு மாதிரியாக எழுதி முடித்தேன்.

எங்கள் சங்கம் இலங்கையிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு உதவிக்கொண்டிருந்தது. புழல் முகாமில் இருந்தவர்கள், தண்டையார்பேட்டையிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் வாடகை அறைகளில் இருந்தவர்கள் என்று தினமும் யாராவது வருவார்கள். ராயபுரத்தில் ஒரு மரக் கிடங்குக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறைகள். முன்னறையில் உட்கார்ந்து நான் மனு டைப் அடிப்பேன். பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு ஒரு மனு, வேறு முகாமில் இருக்கும் தாயாருடன் சேர்த்து வைக்கச் சொல்லி ஒரு மனு, தொலைந்துபோன அடையாள அட்டைக்கு ஒரு மனு. பின்னறைதான் ஸ்டோர். துணிமணி, பாய், செருப்பு, புத்தகப் பை எல்லாம் அங்கே. அதற்குச் சாவி வைத்திருந்தவரை எல்லோரும் ஸ்டோரக்கா என்றோம். பெயரை எழுதினால், "என்னிய ஏம்மா பேப்பர்ல ஏத்துற?" என்று சண்டைக்கு வருவார். ஆகவே விட்டுவிடுகிறேன்.

நான் வியாசர்பாடிக்காரி. டைப்பிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, துறைமுகத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்து, கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தவள். சேவை மனப்பான்மை என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் கிடையாது. சம்பளம் கொடுத்தார்கள், வந்தேன். அதனால் ஸ்டோரக்காவைப் பார்த்த முதல் மாதம், இந்த அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

தன் உடம்பில் ஏற்றிப் பார்க்காத எதையும் அவர் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். இதுதான் அவர். வேறு எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான் மூட்டை நிறைய கம்பளி ஸ்வெட்டர் அனுப்பிவைத்தார். சென்னையில், அதுவும் மே மாதத்தில். மூட்டையைப் பார்த்த நாங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து வியர்வை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். கண்டக்டர் அவரைக் காய்ச்சல்காரி என்று நினைத்து இஞ்சின் பக்கத்து சீட்டிலிருந்து எழுப்பி ஜன்னலோரம் உட்கார வைத்தாராம்.

"அக்கா, இது போட்டுப் பாத்துதான் தெரியணுமா? பாத்தாலே தெரியாதா?" என்று கேட்டேன்.

"பாத்தா ஒனக்குச் சிரிப்பு வந்துச்சி. போட்டாதான் அழுவ வருது," என்றார்.

செருப்பு விஷயம் இன்னும் பெரிய கூத்து. ஒரு செருப்புக் கம்பெனி முதலாளி நூறு ஜோடி ரப்பர் செருப்பு கொடுத்திருந்தார். அக்கா ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு காசிமேடு மீன் மார்க்கெட் போய் வந்தார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மறுநாள் அதே செருப்போடு அந்த முதலாளியின் கடைக்கே போய், "நைனா, ஒரு தபா இத்தப் போட்டுகினு மார்க்கெட்டு வரைக்கும் நடந்துட்டு வா. நல்லா கீதுன்னு நீ சொல்லு, நான் வாங்கிக்கிறேன்," என்று சொல்லியிருக்கிறார். முதலாளி நடந்தாரோ இல்லையோ, மறு வாரம் வேறு செருப்பு வந்தது. தோல் வார் வைத்தது.

ஆனால் அவர் அதிகம் மெனக்கெட்டது புடவைக்குத்தான். வரும் புடவைகளில் ஓட்டை, கிழிசல் உள்ளவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுவார். மீதியில் ஒவ்வொன்றையும் ஒரு நாள் தானே கட்டிக்கொள்வார். கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது கணக்கில் சேராது. கூட்டத்துக்குள் போக வேண்டும். மீன் மார்க்கெட், ரேஷன் கடை, மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமை பூசை, பீச் ஸ்டேஷன் என்று போவார். யாராவது புடவையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தால், அல்லது "இன்னாக்கா, யாரு பொடவ?" என்று கேட்டால் அது ஃபெயில். யாரும் கவனிக்கவில்லை என்றால் பாஸ். யாராவது "ஷோக்கா கீதுக்கா" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அக்கா முகத்தில் வெளிச்சம் தெரியும். பிறகு அதை வீட்டில் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, புதுப்புடவை மாதிரி மடித்து ஸ்டோரில் வைப்பார். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "என் பொஞ்சாதிக்கு எவ்ளோ பொடவ கீதுன்னு எனக்கே தெரியாது," என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

"எதுக்குக்கா இவ்ளோ பாடு? இல்லாதவங்களுக்கு எதுனா குடுத்தா போதாதா?" என்று ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "அவங்க வூட்ட வுட்டுட்டு வந்தாங்க. வாசல வுட்டுட்டு வந்தாங்க. வெக்கத்தையுமா வுட்டுட்டு வந்தாங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே வீட்டிலிருந்து என் புடவை இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். நல்ல மனது வந்துவிட்டது என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை. அக்கா அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு மாதவரம் வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தார். மாலையில் இரண்டையும் என் மேஜைமேல் வைத்தார்.

"வாணாம்மா. சாயம் போய் கலீஜா கீது. ஒங்க வூட்ல தர தொடைக்க வெச்சிக்கோ."

நான் நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அவரோ அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. தினமும் காலையில் வந்ததும், "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் ஸ்டோருக்குள் போய்விடுவார். ஐந்தாம் நாள் நானே போய்ப் பேசினேன்.

அக்கா தப்புச் செய்யவே மாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை பெரியவர்கள் அளவில் தைத்த பாவாடை சட்டைகள் ஒரு பெட்டி நிறைய வந்தன. அக்கா பார்த்ததும் ஓரம்கட்டிவிட்டார். கல்யாணமான பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், அவர்களுக்குப் போய் பாவாடை சட்டையா, யாரோ கேலி செய்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். பெட்டி ஒரு மாதம் மூலையில் கிடந்தது. புழல் முகாமிலிருந்து அடிக்கடி வரும் மன்னார்க்காரப் பெண் ஒருவர் உண்டு. நாற்பது வயது இருக்கும். மற்ற பெண்களுக்கெல்லாம் அவர்தான் பேச்சாளர். அவர் ஒரு நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"இது ஆருக்கு அக்கா? நல்ல சட்டையள் எல்லே!"

"அத்த வுடும்மா. அது சின்னப் பொண்ணுங்க போடறது."

"இல்லை அக்கா. எங்கட ஊரில வீட்டில நிக்கேக்க நாங்கள் பாவாடை சட்டைதானே போடுறது. சீலை வெளியில போகேக்கதான் கட்டுவம். முகாமில அந்தச் சின்ன அறைக்குள்ள சீலையோட நிண்டு சமைக்க எவ்வளவு கரைச்சல் தெரியுமே?"

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் காலை ஆபீசுக்கு வந்தது யார் என்று எனக்கு ஒரு நிமிடம் தெரியவில்லை. பூப்போட்ட நீளப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, ராயபுரம் சந்துகளைத் தாண்டி நடந்தே வந்திருந்தார். வழியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், "இன்னா யக்கா, எந்த இஸ்கூலு?" என்று கேட்டார்களாம். "ஒன் பொண்ணு படிக்கிற இஸ்கூலுதான் மாமு," என்று சொல்லிவிட்டு வந்தாராம். அன்று முழுவதும் அதிலேயே வேலை பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, மூட்டை தூக்கி, தண்ணீர் பிடித்து. சாயங்காலம் பெட்டி மூலையிலிருந்து வெளியே வந்தது.

"நான் தப்பா நெனச்சிட்டேன். ஒரு மாசம் அவங்களைப் பேஜாருல வுட்டுட்டேன்," என்று அன்றைக்கு என்னிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பார்.

அவர் பிடிவாதமாக மறுத்த விஷயம் ஒன்று உண்டு. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர் எங்கள் செயலாளர். நல்ல மனிதர். ஆனால் எதற்கும் கையெழுத்து வேண்டும் அவருக்கு. யாருக்கு எந்தப் புடவை போனது என்று நோட்டில் எழுதிவைக்கச் சொன்னார். அக்கா முடியாது என்றுவிட்டார்.

"பாய்க்கு வாங்கு, அரிசிக்கு வாங்கு, கையெழுத்து. பொடவைக்கு வாணாம் சார். நாளைக்கு எவனாவது நோட்டப் பொரட்டி, எவ இன்னா கட்டிகினு கீறான்னு பாப்பான்."

இதுவே பிறகு அவருக்கு வினையாக வந்து நின்றது.

கப்பல் சாமான் கடை வைத்திருந்த ஒரு பெரிய வியாபாரியின் மனைவி எங்கள் சங்கத்துக்கு நிறையச் செய்கிறவர். ஒரு முறை பன்னிரண்டு புடவை கொடுத்திருந்தார். எல்லாம் நல்ல புடவைகள். அதில் ஒன்று இலைப்பச்சையில் மஞ்சள் கரை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த அந்த அம்மா, கோயில் வாசலில் தன் இலைப்பச்சைப் புடவையில் ஸ்டோரக்கா நிற்பதைப் பார்த்தார். அதற்கடுத்த ஞாயிறு, தன் அரக்குப் புடவையில் பார்த்தார். மூன்றாவது வாரம் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

செயலாளர் அக்காவை முன்னறைக்குக் கூப்பிட்டார். நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அகதிகளுக்குன்னு நான் கொடுத்த புடவையை இவங்க கட்டிட்டுத் திரியறாங்க. நான் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்," என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா, ஒங்க பொடவதான்," என்றார் அக்கா, பதறாமல். "ஒரு நாளு கட்டிகினேன். தோச்சி, இஸ்திரி போட்டுக் குட்த்துட்டேன்."

"நீங்க எதுக்குக் கட்டணும்?"

"கட்டினாதான தெரியும்."

"என்ன தெரியும்?"

"நாலு பேரு நடுவுல நின்னா கூசுதா இல்லியான்னு."

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுப் புடவையைக் கட்டினா கூசுமா? சரி, கொடுத்துட்டேன்னு சொல்றீங்களே, யாருக்குக் கொடுத்தீங்க? அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. புடவையைக் காட்டட்டும். நான் பேசாம போயிடறேன்."

"அது நடக்காது."

"ஏன்?"

"குட்த்த அப்பால அது ஒங்க பொடவ இல்லம்மா. அவ பொடவ. அவ பொடவைய அவ எதுக்கு ஒங்களாண்ட கொண்டாந்து காட்டணும்?"

செயலாளர் கெஞ்சினார். "ஒரே ஒரு பேர் சொல்லிடும்மா. விஷயம் முடிஞ்சிடும்." அக்கா முடியாது என்று தலையை ஆட்டினார். அந்தப் பேர் எனக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கம் வாடகைக்கு இருந்த இளம்பெண். திருவொற்றியூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. அகதி என்று அங்கே தலைமையாசிரியைக்கு மட்டும் தெரியும். மற்ற டீச்சர்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலைப்பச்சைப் புடவையை அவள் திங்கட்கிழமைகளில் கட்டிக்கொண்டு போவாள்.

"சார், அது யாராண்ட கீதுன்னு எனக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ டைப் அடி," என்றார் அக்கா. என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். "திருடிட்டேன்னே வெச்சிக்கோங்க சார். ஒரு பொண்ண இங்க நிக்க வெச்சி அவ பொடவையத் தடவிப் பாக்க வுட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். மரக் கிடங்கு வாசலில் நின்று, விரலை நீட்டி, "அந்தப் பொண்ணப் பத்தி யாராண்டயாவது நீ வாயத் தொறந்த, செத்தாலும் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

ராயபுரத்தில் ஒரு பேச்சுக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் கடல்வரைக்கும் போய்விடும். அகதிகள் புடவையை ஆட்டையப் போட்டுவிட்டாள் என்று மீன் மார்க்கெட்டில் பேசினார்கள். பன்னிரண்டு வருஷமாக அவர் விதவிதமாகக் கட்டிக்கொண்டு வந்த புடவைகளை எல்லாம் இப்போது ஞாபகப்படுத்தி எண்ணிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு அக்கா பூசைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். யாருக்கும் பயப்படாத அந்த மனுஷி வீட்டைவிட்டு வெளியே வராமல் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லி நான் அதை நிறுத்தியிருக்க முடியும். சொன்னால் அவரே என்னை மன்னிக்க மாட்டார். ஒவ்வொரு நாளும் டைப்ரைட்டர் முன்னால் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், வழக்கமாகத் துணி கொடுக்கும் நாள் வந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. செயலாளரே முன்னின்று, முற்றத்தில் ஒரு தார்ப்பாய் விரித்து, அக்கா போன பிறகு வந்த மூட்டையை அவிழ்த்து எல்லாப் புடவைகளையும் கொட்டினார். எல்லாம் கண்முன்னால் நடக்கட்டும் என்று அந்த அம்மாவையும் அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். புழலிலிருந்து முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். நர்சரிப் பள்ளி டீச்சர் வரவில்லை. அவளுக்கு அன்று வேலை.

"ஆளுக்கு ரெண்டு எடுத்துக்குங்கம்மா. தள்ளுமுள்ளு வேண்டாம்," என்றார் செயலாளர்.

ஒருவரும் குனியவில்லை. தார்ப்பாயைச் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். குவியலில் நல்ல புடவைகளே நிறைய இருந்தன. இரண்டு மூன்று பேர் ஓரத்தைப் பிடித்துத் தோள்பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டார்கள். மன்னார்க்காரப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஸ்டோரக்கா எங்க? இண்டைக்கு வரேல்லையோ?"

"அவங்க இப்ப ஸ்டோருல இல்லக்கா."

"அப்ப இந்தச் சீலையளை ஆர் உடுத்திப் பாத்தது?"

செயலாளர் கிட்டே வந்தார். "என்னம்மா கேக்கறீங்க?"

"அவ உடுத்திப் பாக்காமல் எங்களுக்கு ஒண்டும் தரமாட்டா, ஐயா. அவ தாற சீலையில தோள்மூட்டடியில ரெண்டு ஓட்டை இருக்கும். மற்ற ஆக்கள் முந்தானையில குத்துற சின்ன ஊசி இல்லை, அவ குத்துறது பெரிய தடிச்ச ஊசி. எவ்வளவு தோய்ச்சு அயன் பண்ணினாலும் அந்த அடையாளம் போகாது. நாங்கள் அதைத்தான் முதல்ல பாக்கிறது. இதில ஒண்டிலயும் அது இல்லை."

நாற்காலியில் இருந்த அம்மா எழுந்து நின்றார். "புடவை நல்லாத்தானே இருக்கு? யார் கட்டிப் பார்த்தா என்ன?"

மன்னார்க்காரப் பெண் அவரை மரியாதையாகத்தான் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஊர் பேர் தெரியாத ஆக்கள் கழிச்சுவிட்ட சீலையை நாங்கள் ஏன் அம்மா கட்டவேணும்? எங்களுக்கு ஊரில அலுமாரி நிறையச் சீலை இருந்தது. ஸ்டோரக்கா கட்டின சீலை எண்டபடியாத்தான் கட்டினது. அக்காவின்ர சீலையைத் தங்கச்சி கட்டுறதில என்ன வெக்கம் இருக்கு?"

முப்பது பேரும் வந்த மாதிரியே வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனார்கள். நான் அழுதேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் தார்ப்பாய் பக்கத்தில் நின்றார். பிறகு குனிந்து, ஒவ்வொரு புடவையாக எடுத்து, ஓரம் சேர்த்து மடித்து அடுக்கினார். அத்தனையும் மடித்து முடித்த பிறகுதான், "அவங்க வீடு எங்க இருக்கு? நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்," என்றார். நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டார்.

நானும் செயலாளரும் ஆட்டோ பிடித்துப் போனோம். அக்கா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். செயலாளர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தவர், அங்கே வந்ததும் எல்லாம் மறந்துபோய் நின்றார். அக்கா சாவியை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு பேர சொல்லிட்டியா நீ?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்து கீறீங்க?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். கொட்டிய புடவைகளை, யாரும் குனியாததை, தோளில் தேடிப் பார்த்ததை. ஊசி ஓட்டை என்றதும் அக்காவின் கை மீன் சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் தைரியசாலியான அந்த மனுஷியின் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"தெரியுமா அவங்களுக்கு?" என்றார். "மொதல்லேர்ந்தேவா? புதுசு மாதிரி இருக்கட்டும்னுதானே மாஞ்சி மாஞ்சி இஸ்திரி போட்டேன்..."

"தெரிஞ்சிதான்க்கா கட்டினாங்க. நீங்க கட்டினதாலதான் கட்டினாங்களாம்."

மன்னார்க்காரப் பெண் சொன்ன கடைசி வார்த்தையையும் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை முழுக்கச் செதில். முழங்கையால் துடைத்துக்கொண்டார். தெரு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நிமிடம், இவரோடு வேலை பார்க்கிறவள் நான் என்று அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும்போல இருந்தது.

"இன்னா சொன்னா? திருப்பிச் சொல்லு," என்றார்.

"அக்காவோட பொடவையத் தங்கச்சி கட்டறதுல இன்னா வெக்கம்னு கேட்டாங்கக்கா."

அக்கா எழுந்து உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்தார். செயலாளர் கையிலிருந்த சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். வண்டி ராயபுரம் பாலத்தில் ஏறும்போது என் முழங்கையை இடித்தார்.

"இன்னொரு தபா சொல்லேன்," என்றார்.